யாரைப் பார்த்துப் பாடுகிறது ‘தெருக்குரல்’?

2019-ல் ராப் பாடகர் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்புக்கு வந்த பாராட்டுகளை வரிசையாகப் படித்தால், அது காதால் கேட்க வேண்டிய ஒன்று என்பதே மறந்துபோகும். துணிச்சல், கோபம், ஒடுக்கப்பட்டோர் குரல், சமூக நீதி என்ற நான்கைந்து சொற்களைத் தாண்டி நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை நகரவில்லை. தாளம் எங்கே பிடிக்கிறது, குரல் எங்கே இடறுகிறது, எந்தப் பாட்டு மறுபடி கேட்கச் சொல்கிறது, எது முதல் தடவையிலேயே தீர்ந்துபோகிறது என்றெல்லாம் கேட்டவர்கள் குறைவு. திட்டியவர்களும் அப்படியே. வரிகளை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு திட்டினார்கள். ஓர் இசைத்தொகுப்பை இரண்டு தரப்பும் துண்டுப்பிரசுரமாகவே வாசித்துவிட்டுப் போயின.

எனக்கு அந்தத் தொகுப்பின் அரசியலோடு சண்டை இல்லை. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதில்தான் கேள்வி. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில், தாடிக்கொம்பை ஒட்டிய அகரத்தில் இருந்து கேட்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தெருவின் பெயரைத் தாங்கி வந்த பாட்டு எந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து, கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறையும் சட்டியும் அடிப்பவர்கள், கிதார்காரர்கள் என்று 19 பேரைத் திரட்டிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் பாடினார்கள். அரக்கோணத்துக்காரரான அறிவு பரவலாகத் தெரியவந்தது அந்த மேடையில்தான். அடுத்த ஆண்டே, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு தனியாக வந்து நின்றார்.

தமிழில் ராப் அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. 1994-ல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ வந்து, தமிழ் இந்தத் தாளத்தில் நொண்டாமல் நடக்கும் என்று காட்டியது. 2012-ல் ‘ஹிப் ஹாப் தமிழன்’. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டக் கூட்டங்களிலும் ராப் ஒலித்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழன் என்ற ஒற்றைப் பெயரே முதலும் முடிவும். மாட்டை அவிழ்த்துவிடுகிறவன் தமிழன், அந்த மாடு செத்தால் தோலை உரிக்கிறவன் யார் என்ற கேள்வியை அந்தப் பாடல்கள் கேட்கவில்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவும் அதைத் தொடர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பும் கேட்டன. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பெருமை பேசுவதற்கென்றே பழக்கப்பட்டிருந்த ஒரு வடிவத்தை வழக்காடுவதற்குத் திருப்பினார்கள்.

அறிவின் பலம் மூச்சில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழில் ராப் எழுதுவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடினமாகத் தெரியும், உண்மையில் ஆபத்தான அளவுக்குச் சுலபம். நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. வந்தான், போனான், தின்னான் என்றோ, பேசுவோம், கேட்போம், மீட்போம் என்றோ அடுக்கினால் இயைபு தானாக விழுந்துவிடும். ஆங்கிலத்தில் பாடுகிறவர் வரிக்கு வரி தேடி அலைய வேண்டிய ஒலி, தமிழில் விகுதியோடு இலவசமாக வருகிறது. அதனால்தான் கல்லூரி விழாக்களில் ராப் பாடுகிற பையன்களில் பாதிப்பேர் மேடைப் பேச்சை வேகமாக ஓட்டுகிறவர்களாக மட்டும் தெரிகிறார்கள். அறிவு நன்றாக எழுதியிருக்கும் இடங்களில் இந்த இலவசத்தை ஒதுக்கித் தள்ளுகிறார். வரிக்கடைசியை நம்பாமல், வரிக்குள்ளேயே மோனையை ஓடவிட்டு, அழுத்தத்தைப் பெயர்ச்சொல்லின் மேல் இறக்குகிறார். கானாவிலும் ஒப்பாரியிலும் வாக்கியத்தைப் பாதியில் முறித்து, விட்ட இடத்தில் மூச்சு வாங்குவார்களே, அந்தப் பழக்கம் அவர் குரலில் இருக்கிறது. படித்துத் தெரிந்துகொண்டதாக அது தோன்றவில்லை. வீட்டில், தெருவில் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அப்படி வரும்.

எழுத்து தளரும் இடங்களில் அதே விகுதி அடுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தளர்வது பெரும்பாலும் எதிராளியோடு வாதம் செய்யும்போது. ‘ஆன்டி இந்தியன்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். அந்தச் சில ஆண்டுகளில் தொலைக்காட்சி விவாதங்களில் மாற்றுக் கருத்து சொன்னவர்கள்மேல் சர்வசாதாரணமாக ஒட்டப்பட்ட பட்டம் அது. அந்தப் பட்டத்தை வாங்கி, எறிந்தவர் முகத்துக்கே திருப்பி எறிகிற பாட்டு. வெளியானபோது கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும், எனக்கும்தான். ஆனால் அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் இப்போது வேறு பட்டங்களுக்குப் போய்விட்டார்கள். விவாதம் நகர்ந்ததும் பதிலும் பழசாகிவிட்டது. எதிராளி விதித்த சொல்லை வைத்துப் பாட்டுக் கட்டினால், எதிராளி அதை மறக்கும் நாளில் பாட்டுக்கும் வயதாகிவிடும். ‘கள்ள மௌனி’யில் இந்தச் சிக்கல் குறைவு. தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கும் அதிகாரத்தைக் குறி வைப்பதால் ஆட்சி மாறினாலும் அதற்கு வேலை இருக்கிறது. இருந்தாலும் அதுவும் மேலே பார்த்துப் பேசுகிற பாட்டுதான்.

‘ஸ்னோலின்’ அப்படி இல்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டதில் இறந்த 13 பேரில் ஒருவரான இளம்பெண்ணின் பெயர் அது. செத்தவர்களை எண்ணிக்கையாகச் சொல்லிப் பழகிய நாட்டில் ஒருத்தியின் பெயரைத் தலைப்பாக வைத்ததே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அங்கே மறுத்துப் பேச எதிராளி கிடையாது. சுட்டது தப்பா சரியா என்று பட்டிமன்றம் நடத்த இடமில்லை. இந்த நாட்டில் இழவு வீட்டுப் பாட்டுக்கு ஒரு நீண்ட சட்டம் உண்டு. ஒப்பாரியில் முதலில் செத்தவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட வேண்டும், குற்றச்சாட்டு அதன் பிறகு தானாக வரும். யார் கைவிட்டார், யார் வரவில்லை, யார் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று ஊரே நின்று கேட்க, ஒப்பாரி வைக்கிற பெண் சொல்லிவிடுவாள். அப்போது அவளை யாரும் அடக்க முடியாது. அறிவின் அரசியல் இந்த மரபின் மேல் ஏறி நிற்கும்போது அதற்கு இருக்கும் பலம், செய்திச் சேனலுக்குப் பதில் சொல்லும்போது இல்லை. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகும் ‘ஸ்னோலின்’ கேட்கத் தகுந்ததாகவே இருந்தது. ‘ஆன்டி இந்தியன்’ அதற்குள் ஒரு காலகட்டத்தின் ஆவணமாகிவிட்டது.

ஆஃப்ரோவைப் பற்றி மதிப்புரைகள் ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழித்ததில்லை. அநியாயம். கலெக்டிவ் மேடையில் அறிவு பத்தொன்பது பேரில் ஒருவர், பறையும் கிதாரும் இடித்துத் தள்ளும் இரைச்சலுக்குள் தன் வரியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ‘தெருக்குரல்’ தொகுப்பில் ஆஃப்ரோ அவரைச் சுற்றி இடம் விட்டார். மின்னணுத் தாளத்தின் நடுவே ஒற்றைக் குரல் தனியாகக் கேட்கிறது, சொல் ஒன்றுகூடத் தப்புவதில்லை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மேடையில் கூட்டத்தின் குரலாக இருந்தது இங்கே ஒருவரின் உரையாகிவிட்டது. ராப்பில் பாதி ஜீவன் பதில் குரலில் இருக்கிறது. பாடுகிறவர் விட்ட இடத்தைக் கூட்டம் நிரப்ப வேண்டும். காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு தனியாகக் கேட்கிறவன் யாருக்குப் பதில் சொல்வான்? குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டக் காலத்தில் வந்த ‘சண்ட செய்வோம்’ இந்தக் குறையைச் சரிசெய்தது. கூட்டம் சேர்ந்து பாட அதில் இடம் இருந்தது, கூட்டமும் பாடியது.

இங்கே எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திவந்த தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டு தொழிலாளிகள் அலைந்தார்கள். 2015 ஜூலையில் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்தில் ஒரு ராப் பாட்டு வெளியிட்டார், மெட்டு நிக்கி மினாஜின் பாட்டிலிருந்து எடுத்தது. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால்தான் நடந்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களின் பதினைந்து ஆண்டைத் திருடியதாகும். ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு முகவரி இருந்தது. இன்ன நிறுவனம், இன்ன ஊர், இன்ன கோரிக்கை. கலையாக எடைபோட்டால் ‘தெருக்குரல்’ அதைவிடப் பல மடங்கு கனமானது. குறி வைப்பதில் அந்த மூன்று நிமிடப் பாட்டு முந்தி நிற்கிறது. இதில் வேடிக்கை, கொடைக்கானல் தொழிலாளி எவரும் அதன் ஆங்கிலத்தைக் கேட்டுக் கைதட்டியிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்காகப் பாடப்பட்டது, அவர்களை நோக்கிப் பாடப்படவில்லை.

தங்கள் மக்களை நோக்கியே பேசும் கலைக்கும் எங்களிடம் உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுக்கிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். வேம்புச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய மாட்டுத்தோல், இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டுவார்கள், தோல் விறைத்து ‘ணங்’கென்று பேசும்வரை. சாவுக்கு அடிக்க ஆண்களைக் கட்டாயப்படுத்திய கருவி, பெண்ணின் இடுப்பில் ஏறியதும் ஊர் அதைப் பார்க்கும் பார்வையே வேறாகிறது. அங்கே பாட்டின் வரியில் அரசியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் அடிக்கிறார் என்பதிலேயே அரசியல் முடிந்துவிடுகிறது. இந்தச் சவுகரியம் ராப்புக்குக் கிடையாது. அது சொல்லால் மட்டுமே நிற்க வேண்டிய கலை, அதனால் அதன் சொல்லை இரக்கமில்லாமல் எடைபோடத்தான் வேண்டும்.

அப்படி எடைபோட்டால் தொகுப்பின் பெரிய காலி இடம் பெண். பாடுவது ஆண், அடிப்பது ஆண், திட்டுவாங்குவதும் பெரும்பாலும் ஆண். ‘ஸ்னோலின்’ இருக்கிறதே என்றால், அதில் பெண் இறந்துபோனவளாக இருக்கிறாள், பேசுகிறவளாக இல்லை. கலெக்டிவில் இசைவாணி இருந்தார். 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் பாடிய ‘ஐயம் சாரி ஐயப்பா’ வெளியாகி ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதற்காக அவரைக் கைது செய்யக் கோரி ஊர் ஊராகப் புகார் கொடுத்தார்கள். அரசியல் பாட்டுக்கு வரும் எதிர்வினையில் ஆணுக்கு வாதமும் பெண்ணுக்கு வசையும் கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ‘தெருக்குரல்’ தொகுப்பைத் துணிச்சல் என்று புகழ்ந்தவர்கள், துணிச்சலுக்கு யார் எவ்வளவு கட்டணம் கட்டுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

விடியும் முன்பே எங்கள் ஊர் வழியாக வேடசந்தூர்ப் பக்கம் போகும் மில் வண்டிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சுமங்கலித் திட்டம் ஓடிய பகுதி இது. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனத்தையே கையெழுத்துப் போட வைத்தது. ஆலையில் பெண்கள்மேல் நடக்கும் வன்முறைக்கு எதிரான அந்த உடன்படிக்கைக்கு உலகம் முழுவதும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே பெயர். இவ்வளவு பெரிய அரசியல் நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டு இல்லை. 2019-ல் வந்த தொகுப்பு 2022-ஐப் பாடவில்லை என்று குறை சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் சுமங்கலித் திட்டம் 2019-க்கு வெகு முன்பே இருந்தது. அரசியல் ராப் எந்தப் பிரச்சினை விவாதத்துக்கு வந்ததோ அதற்கே பாட்டுக் கட்டுகிறது, விவாதத்துக்கு வராததை விவாதத்துக்குக் கொண்டுவருவதில்லை. இந்த வகைமை முழுவதற்கும் உள்ள வியாதி இது, அறிவுக்கு மட்டும் உரியதல்ல.

வரவேற்பின் வியாதியும் புதிதல்ல. 2005-ல் லண்டன் ஈழத் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தன் முதல் தொகுப்புக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே வைத்தார். மெர்க்குரி பரிசுப் பட்டியலுக்குப் போனது. எழுதியவர்களில் பாதிப்பேர் தீவிரவாதத்தை அழகுபடுத்துகிறாரா என்று விசாரித்தார்கள், மீதிப்பேர் புரட்சி என்று கொண்டாடினார்கள். தாளத்தை அவர் எப்படி அடுக்கினார் என்பது மூன்றாம் பத்தியில் வந்தது. அடுத்த தொகுப்புக்குச் சென்னை வந்து உருமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். எங்கள் முத்தாலம்மன் சாட்டுக்கு வரும் அதே உருமிதான், ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமவிடுவது. மேற்கு நாட்டு விமர்சகர்களுக்கு அது விநோத ஒலி. அறிவுக்கும் இதே கதி, உள்நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் வழியாக நேர்ந்தது. தலித் ராப் பாடகர் என்ற சீட்டு ஒட்டப்பட்டது. சீட்டு பொய்யில்லை, ஆனால் ஒட்டியவர்கள் அதற்குமேல் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் புதுக்கவிதையின் ஒரு வரிமுறிவுக்குப் பத்துப் பக்கம் எழுதும், ராப்பின் வரிமுறிவு அவற்றின் கண்ணில் பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடகி தீயும் அறிவும் பாடியது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நினைவில் எழுதியது. அது எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்கே வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, எல்லாச் சாதித் தெருவிலும் போட்டார்கள். ‘தெருக்குரல்’ அப்படி ஒரு நாளும் ஒலிக்கவில்லை, ஒலித்திருந்தால் அன்று ஊரில் பஞ்சாயத்து நடந்திருக்கும். பாட்டு ஊருக்குள் வந்ததும் எழுதியவர் வெளியே போனார். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் கேட்ட பிறகு, கண்டனங்கள் வந்த பிறகு, மின்னிதழ் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. அதையடுத்து பாட்டில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் ஆளுக்கொரு விளக்கம் தர நேர்ந்தது. 2024-ல், அந்தப் பாட்டால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

இதைப் பார்த்து, கோபத்தைவிட நினைவுதான் ஜெயிக்கும் என்று சிலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘எஞ்சாயி எஞ்சாமி’யின் விதை ‘ஸ்னோலின்’ பாட்டிலேயே இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுவது என்ற அதே முறை. ஆனால் தூத்துக்குடியில் சுட்டது யார் என்று கேட்பவருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வள்ளியம்மாளை அனுப்பியது யார், 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களை எப்படிப் பங்குபோட்டது, திரும்பி வந்தவர்களுக்கு இந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பதெல்லாம் ஆட்டம் போடவைக்கும் அந்தப் பாட்டில் கேட்பவர் காதில் விழுவதில்லை. விழாததால்தான் எல்லாத் தெருவிலும் போட முடிந்தது. எங்கள் தெருவில் அதைப் போட்டு ஆடியவர்களில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் தனி டம்ளர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பாட்டு அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

2024-ல் அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று தன் பெயரிலேயே தொகுப்பு கொண்டுவந்தார். தலைப்பே முறை சொல்லிக் கூப்பிடுகிறது. எழுத்து முதிர்ந்திருக்கிறது, செய்திச் சேனலோடு மல்லுக்கட்டும் ஆசை குறைந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முதல் தொகுப்பு கரடுமுரடாகத்தான் தெரியும். இருந்தும், யாரைக் குற்றம் சாட்டுகிறோம் என்று நேராகச் சொன்ன 2019-ன் அறிவை நான் இன்னும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அந்த அறிவு வேடசந்தூர் மில் வண்டியில் ஒரு நாள் ஏறியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியே எழுதினால் அவரிடம் கேட்க வேண்டிய தேவையும் இருக்காது.